திருச்சி – சிபு: 3,792 கிலோமீட்டரை அப்பா எத்தனை மணி நேரத்தில் கடப்பார்?

மன்னை மகள் (ஈசூன்) – வெள்ளி, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் சிபு நகரில் இருக்கிறாள். கணவருக்கு அங்கே வேலை. ஐப்பசியில் அவளுக்குப் பிரசவம். மன்னார்குடியிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. என்னைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்து போன பழக்கம் இருவருக்கும் இருக்கிறது. நடுவில் இறங்கி வேறு விமானம் மாறிய பழக்கம் இல்லை.

திருச்சியிலிருந்து சிபுவுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தேடியதில், தூரம் கணக்கிடும் ஒரு பக்கம் 3,792 கிலோமீட்டர், 5 மணி 14 நிமிடம் என்று காட்டியது. அப்பாவிடம் சொன்னதும், "மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நேரம்கூட இல்லையே" என்று தெம்பாகிவிட்டார். ஆனால் டிக்கெட் தேடினால் ஒன்று 12 மணி என்கிறது, இன்னொன்று 19 மணி, வேறொன்று 26 மணிக்கும் மேல். ஐந்து மணி நேரப் பயணம் எப்படி ஒரு நாளுக்கு மேல் நீள்கிறது? எந்த எண்ணை நம்பி ஏற்பாடு செய்வது?

வானளப்பான் (செங்காங்) – வெள்ளி, இரவு 10:25

வணக்கம் சகோதரி. தூரம் சரி. நேரம்தான் எந்த விமானத்துக்கும் சொந்தமில்லாத நேரம்.

இத்தகைய பக்கங்கள் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகின்றன. அதை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்கின்றன. 3,792 கி.மீ.க்கு 4 மணி 44 நிமிடம், அரை மணியைக் கூட்டினால் 5 மணி 14 நிமிடம். கணக்கு பிசகவில்லை. திருச்சியிலிருந்து சிபுவுக்கு நேரடி விமானம் கிடையாது என்பதுதான் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அது ஒரு நேரத்தைச் சொல்லிவிடும்.

அந்த நேர்வழி எங்கே போகிறது என்று போட்டுப் பார்த்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். திருச்சியில் கிளம்பும் கோடு மன்னார்குடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தெற்கே போகிறது. ஏறத்தாழ உங்கள் வீட்டுக்கு மேலேயே. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கடலில் இறங்கி, பருத்தித்துறைக்கு வடக்கே வங்கக் கடலைத் தாண்டி, கிரேட் நிக்கோபார் தீவை ஒட்டிச் சென்று, பினாங்கு அருகே கரையேறுகிறது. மலாயாவைக் குறுக்கே கடந்து திரெங்கானுவின் டுங்குன் பக்கம் மீண்டும் கடல். பிறகு நத்துனா தீவுகள், அப்புறம் சிபு. அப்பாவும் அம்மாவும் மேற்கே திருச்சிக்குக் காரில் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பித் தங்கள் ஊர் வானத்தைக் கடந்துதான் வரப்போகிறார்கள்.

சிங்கப்பூர் இந்தக் கோட்டிலிருந்து 300 கி.மீ.க்கு மேல் தெற்கே விலகி இருக்கிறது. அவ்வளவு விலகியிருந்தும் சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்) வழியாக வந்தால் கூடும் தூரம் மிகக் குறைவு. திருச்சி–சாங்கி சுமார் 2,981 கி.மீ., சாங்கி–சிபு சுமார் 894 கி.மீ., மொத்தம் 3,875. நேர்வழியை விட 83 கி.மீ. அதிகம், அவ்வளவுதான். ஜெட் விமானத்துக்கு அது ஆறேழு நிமிட வேலை. ஆகவே உங்கள் 19 மணி நேரத்துக்கும் 26 மணி நேரத்துக்கும் பூகோளத்தின் மேல் பழி போட முடியாது. நேரம் முழுவதும் தரையில் கரைகிறது.

தெலுக் பிளாங்கா ராமு – வெள்ளி, இரவு 10:50

இடையில் ஒரு கேள்வி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அப்படியானால் கிழக்கே வரும் விமானம் ஓடும் தரையைத் துரத்தித்தானே பிடிக்க வேண்டும்? திருச்சியிலிருந்து வரும்போது அதிக நேரம், போகும்போது குறைந்த நேரம் என்று இருக்க வேண்டுமே?

வானளப்பான் – வெள்ளி, இரவு 11:15

பலருக்கும் வரும் கேள்வி. பூமியோடு காற்றுமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. அதனால் சுழற்சி தனியாக நேரத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வித்தியாசம் செய்வது மேல்வானத்துக் காற்று.

நம் வழித்தடத்தில் அதற்குச் சுவையான கதை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தரையில் காற்று மேற்கிலிருந்து வீசும். அதே நேரத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்றோட்டம் ஓடும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலையாளர் கோட்டேஸ்வரம். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், அந்த ஓட்டத்தின் கீழ் விளிம்பில். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். திருச்சியிலிருந்து வரும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும். ஐப்பசிக்குள் அது ஓய்ந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் சில நிமிட விவகாரம்தான்.

டிக்கெட்டில் திருச்சி–சிங்கப்பூர் சுமார் 4 மணி 15 நிமிடம் என்று இருக்கும். 2,981 கி.மீ.யை ஏர்பஸ் ஏ320 பறக்கும் 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 36 நிமிடம்தான் வரும். மிச்சம், விமானம் வாயிலை விட்டு நகர்ந்து ஓடுபாதைக்குப் போவதும், மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதும், சாங்கியில் இறங்க வரிசைக்குக் காத்திருப்பதும், இறங்கியபின் ஊர்ந்து வந்து நிற்பதும். குறுகிய தூரத்தில் இந்தப் பங்கு இன்னும் பெரிதாகத் தெரியும்: சாங்கி–சிபு 894 கி.மீ.தான், ஆனால் அட்டவணையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள்.

சுந்தரி (ஜூரோங் வெஸ்ட்) – சனி, காலை 7:30

தூரத்தை வானளப்பான் நன்றாக விளக்கிவிட்டார். நான் டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் வயதானவர்களை உண்மையில் அலைக்கழிப்பது அதுதான்.

தங்கச்சி, திருச்சி–சிங்கப்பூர், சிங்கப்பூர்–சிபு இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்துவிடாதீர்கள். விலை குறைவாகத் தெரியும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி சாங்கியோடு நின்றுவிடும். அதை எடுக்கக் குடிநுழைவை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்கள் வெளியே வரச் சிங்கப்பூர் விசா வேண்டும், சிங்கப்பூர் வருகை அட்டையும் நிரப்பியிருக்க வேண்டும். 96 மணி நேர விசா இல்லா இடைவழி (டிரான்சிட்) சலுகை இந்தியர்களுக்கு உண்டுதான், ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருப்பவர்களுக்கே அது. மன்னார்குடி அப்பாவுக்கு அது எங்கே இருக்கப் போகிறது?

ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி திருச்சியிலிருந்து நேரே சிபுவுக்குப் போகும். அவர்கள் இடைவழிப் பகுதியிலேயே இருக்கலாம், சிங்கப்பூர் விசா தேவைப்படாது. முக்கியமான இன்னொன்று: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது.

என் மாமியார் கதையைச் சொல்கிறேன், நிறுவனப் பெயர் வேண்டாம். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்த டிக்கெட். முதல் விமானம் தாமதம். இரண்டாவது நிறுவனத்தின் முகப்பில், "நீங்கள் வரவில்லை என்று பதிவாகிவிட்டது, புது டிக்கெட் எடுங்கள்" என்றார்கள். மாமியார் அந்த முகப்பின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்துப் பை கையில்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டிய மாத்திரை, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்க அவருக்கு மொழி வரவில்லை. அன்று மிச்சம் பிடித்த பணத்தை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கிள்ளான் குமரன் – சனி, காலை 9:05

சிங்கப்பூர் நண்பர்கள் எல்லோரும் சாங்கியையே சொல்கிறீர்கள். கோலாலம்பூரை ஏன் விட்டுவிட்டீர்கள்? திருச்சி–கோலாலம்பூர் சுமார் 2,690 கி.மீ., அங்கிருந்து சிபு சுமார் 1,140. மொத்தம் 3,830 பக்கம். வானளப்பான் கணக்குப்படியே நேர்வழியை விட 40 கி.மீ.தான் அதிகம், சாங்கியை விடக் குறைவு.

அதைவிடப் பெரிய விஷயம், கோலாலம்பூரிலிருந்து சிபுவுக்கு உள்நாட்டுச் சேவை என்பதால் ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு. ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறலாம். சிங்கப்பூரிலிருந்து சிபுவுக்கு வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. அந்த 26 மணி நேர டிக்கெட் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் இடையே ஓர் இரவு விழுந்திருக்கும். சின்ன ஊர் விமான நிலையங்களுக்குப் போகும்போது, நாளுக்கு எத்தனை விமானம் என்பதுதான் முதல் கேள்வி.

சுந்தரி – சனி, காலை 9:40

குமரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோலாலம்பூர் வழியாகப் போனால் அங்கே ஒரு முறை குடிநுழைவு, சிபுவில் மறுபடி ஒரு முறை. சரவாக்குக்குத் தன் குடிநுழைவைத் தானே கட்டுப்படுத்தும் உரிமை 1963 மலேசிய ஒப்பந்தக் காலத்திலிருந்தே உண்டு. தீபகற்ப மலேசியர்களுக்கே அங்கே சோதனை நடக்கும். முழங்கால் வலிக்காரருக்கு இரண்டு வரிசை எதற்கு? சாங்கி வழியாகப் போனால் சிபுவில் மட்டும் ஒரே வரிசை.

சிபுவாசி – சனி, காலை 11:20

வணக்கம். சிபுவில் வேலை நிமித்தம் குடியிருக்கும் தமிழன். இங்கே நம்மவர்கள் மிகக் குறைவு. இது 1901இல் வோங் நாய் சியோங் அழைத்து வந்த பூச்சாவ் சீனர்கள் வளர்த்த ஊர். இபான், மெலனாவ் மக்களும் பெருமளவில் இருக்கிறார்கள். ராஜாங் ஆற்றங்கரையில் ஏழு மாடிச் சீனக் கோபுரம் ஊருக்கே அடையாளம். உங்கள் தங்கை இருக்கிறாள் என்று கேட்கவே மகிழ்ச்சி.

இந்த ஊருக்கு வந்து போகிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

2024 ஜூனில் ஸ்கூட் விமான நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து சிபுவுக்குச் சேவை தொடங்கியது. எம்ப்ரேயர் இ190-இ2 என்ற சிறிய விமானம், 112 இருக்கைகள். பக்கத்துக்கு இரண்டு இரண்டாக இருக்கும், நடு இருக்கை என்பதே இல்லை. வயதான தம்பதிக்கு இது எவ்வளவு நிம்மதி தெரியுமா? யாரையும் எழுப்பாமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு உட்காரலாம். ஸ்கூட் திருச்சிக்கும் பறக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் பதிவுசெய்ய வழி உண்டு. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். எந்தெந்தக் கிழமை என்பதை நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். முதலில் சிபு விமானத்தின் கிழமையைப் பிடியுங்கள், அதற்குத் தோதாகத் திருச்சி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் திருச்சியிலிருந்து ஆரம்பிப்பதால்தான் நடுவில் இரவு விழுகிறது.

கூச்சிங் வரை வந்து அங்கிருந்து சாலையில் வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வரைபடத்தில் கூச்சிங்கும் சிபுவும் பக்கத்து ஊர்கள் மாதிரி தெரியும். வானத்தில் சுமார் 200 கி.மீ.தான். சாலை ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். ஆறேழு மணி நேரம் காரிலேயே போய்விடும். அதுவும் திருச்சியிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்தவர்களுக்கு!

சிபு விமான நிலையம் ஊரிலிருந்து 20 கி.மீ.க்கு மேல். சிறிய நிலையம், இறங்கினால் நடை குறைவு. வண்டி ஏற்பாடு மட்டும் முன்பே செய்துவையுங்கள்.

தஞ்சோங் பகார் தாத்தா – சனி, பகல் 2:10

பிள்ளைகளே, உங்கள் கணக்கையெல்லாம் படித்தேன். வானளப்பான் சொன்ன கோடு பினாங்கில் கரையேறுகிறது என்றதும் எனக்கு ரஜூலா கப்பல்தான் ஞாபகம் வந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் என்று தொட்டுக்கொண்டு சிங்கப்பூர் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். நான் என் தாயாரோடு அதன் கீழ்த்தளத்தில் வந்தவன். படுக்கையை விரித்த இடம்தான் நம் இடம். என்ஜின் சூடும் எண்ணெய் நாற்றமும் இரவெல்லாம் கூடவே இருக்கும். பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது.

அந்தக் காலத்தில் யாரும் எத்தனை மைல் என்று கேட்டதில்லை. எத்தனை நாள், எந்தெந்தத் துறை என்றுதான் கேட்பார்கள். இன்று நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கே இறங்குகிறார்கள், அங்கே எவ்வளவு நேரம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள்.

கடிகாரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இன்று இரண்டரை மணி நேர வித்தியாசம். நான் வாலிபனாக இருந்தபோது இரண்டு மணி நேரம்தான். தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தபோது சிங்கப்பூரும் கூடவே போனது. 1982 புத்தாண்டு பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். அதனால்தான் சிபுவுக்கும் நமக்கும் இன்று நேர வித்தியாசமே இல்லை.

வானளப்பான் – சனி, பகல் 3:00

தாத்தாவுக்கு வணக்கம். ஒரே கடிகாரம் என்றாலும் சிபு கிழக்கே எட்டு பாகை தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் அரை மணி நேரம் முன்னதாகவே உதித்துவிடும், முன்னதாகவே மறையும். அங்கே மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிட்டால் அப்பா குழம்ப வேண்டாம்.

டிக்கெட்டில் கடிகார நேரத்தைக் கழித்துப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதீர்கள். இரவு 1 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை 7:45; பார்த்தால் ஆறேமுக்கால் மணி நேரம் போலத் தெரியும், பறப்பது நாலேகால். திரும்பும்போது இரவு 8 மணிக்கு இங்கே கிளம்பினால் திருச்சியில் இரவு 9:45. ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது வாசல் முதல் வாசல் வரை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நேரங்கள் நானே போட்டவை, உண்மை அட்டவணை அல்ல. எல்லாவற்றையும் சிங்கப்பூர் நேரத்தில் வைக்கிறேன். மன்னார்குடி வீட்டிலிருந்து இரவு 10 மணிக்கு (அங்கே 7:30) கார் கிளம்புகிறது. இரண்டரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். பெட்டி, குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். விடிகாலை 3:30க்கு விமானம், 7:45க்குச் சாங்கி. பகல் 12:30க்குச் சிபு விமானம், 2:15க்கு இறங்கி, குடிநுழைவு முடித்துப் பெட்டி எடுக்க 3 மணி, மகள் வீட்டு வாசலில் 3:40. மொத்தம் 17 மணி 40 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருப்பது ஆறு மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு தரையிலும் காத்திருப்பிலும் போகிறது.

அப்பாவிடம் 5 மணி 14 நிமிடம் என்பதை மறக்கச் சொல்லிவிட்டு, "இன்று இரவுச் சாப்பாடு வீட்டில், நாளை மாலைத் தேநீர் சின்னவள் வீட்டில்" என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கு பிசகாது.

மன்னை மகள் – சனி, இரவு 8:30

ஒவ்வொருவருக்கும் நன்றி. தாத்தா சொன்ன "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்ற வரி என்னை உலுக்கிவிட்டது. அந்த நாலேமுக்கால் மணி நேரம் சாங்கியில் அவர்கள் தனியாகத்தானே இருக்க வேண்டும்? நான் அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு அவர்களைப் பார்க்க முடியாமல் இருப்பதை நினைத்தால் மனம் கேட்கவில்லை.

ஐப்பசி மழை என்னை இன்னும் பயமுறுத்துகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தெருவில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அப்படி ஒரு நாளில் டிக்கெட் அமைந்துவிட்டால்? புரட்டாசியிலேயே அனுப்பிவிடலாமா?

சுந்தரி – சனி, இரவு 9:10

நாலேமுக்கால் மணி நேரத்துக்கு நல்ல வழி இருக்கிறது. நீங்களும் அதே சிபு விமானத்தில் ஒரு டிக்கெட் எடுங்கள். சாங்கியின் முனையம் 1, 2, 3 மூன்றிலும் வந்திறங்கியவர்களும் புறப்படுகிறவர்களும் ஒரே பகுதியில்தான் நடமாடுகிறார்கள். காலை 8 மணிக்குள் நீங்கள் குடிநுழைவைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அவர்கள் இறங்கும் வாயிலிலேயே போய் நிற்கலாம். ஆனால் முதல் விமானம் இறங்கும் நேரத்துக்கு உங்கள் பெட்டிப் பதிவு திறந்திருக்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையோடு மட்டும் போனால் இணையத்திலேயே பதிந்துவிட்டு நேரே உள்ளே போகலாம். சக்கர நாற்காலி உதவியைத் திருச்சியிலேயே, டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். விமான நிலையத்துக்கு வந்த பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டும்.

புரட்டாசி விஷயத்தில் ஒரு சிக்கல். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழையலாம், ஆனால் 30 நாட்களுக்குத்தான். புயலுக்குப் பயந்து சீக்கிரம் அனுப்பினால் குழந்தை பிறந்து பத்தியம் வைக்கிற நேரத்தில் நாள் முடிந்துவிடும். கூடுதல் நாள் தங்கத் தனியாக விசா எடுக்க வேண்டும் என்றால் அதற்கும் இப்போதே விசாரிக்க வேண்டும். மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அவர்கள் பெயரில் நீங்களே நிரப்பிவிடுங்கள்.

கிள்ளான் குமரன் – சனி, இரவு 9:45

மகளே விமானத்தில் கூட வருகிறாள் என்றால் நான் கோலாலம்பூர் வாதத்தைக் கைவிடுகிறேன். துணைக்கு ஆள் இருக்கும் வழியே நல்ல வழி. ஆனால் மழையால் திருச்சி விமானம் ரத்தாகி, சிபு விமானம் அடுத்து இரண்டு மூன்று நாட்களுக்கு இல்லை என்று ஆனால் கோலாலம்பூரை மாற்று வழியாக மனத்தில் வைத்திருங்கள். அந்தச் சமயத்தில் நிறுவனத்திடம் என்ன கேட்கலாம் என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிஷான் மருத்துவப் பணியாளர் – ஞாயிறு, காலை 8:15

உடல்நலத்தைப் பற்றி மட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. அப்போதும் ஏறக்குறைய ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அது வருகிறது, ஆகவே பயம் வேண்டாம். ஆனால் அப்பாவை விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள், குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்கச் சோம்பித் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள். அம்மாதான் கவனிக்க வேண்டும்.

அந்த வகையில் நடுவில் சாங்கியில் இறங்கி நடப்பது அவருக்கு நல்லதுதான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் இரண்டரை மணி நேர மாற்றத்துக்கு வேளையை எப்படி வைப்பது என்று ஊரிலேயே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பெட்டியில் போடவே கூடாது.

மன்னை மகள் – ஞாயிறு, இரவு 7:50

சிபு விமானம் இருக்கும் கிழமையைப் பிடித்து, அதற்கு முந்தைய இரவு திருச்சியிலிருந்து கிளம்பும்படி ஒரே டிக்கெட்டாக அப்பா அம்மாவுக்குப் பதிவு செய்துவிட்டேன். சாங்கியிலிருந்து எனக்கும் அதே விமானத்தில் ஓர் இருக்கை. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னதாகத் தேதி வைத்திருக்கிறேன். மழை வலுக்கும்போல இருந்தால் முந்தைய நாளே திருச்சி போய்ச் சித்தி வீட்டில் தங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். மன்னார்குடி–திருச்சி சாலைதான் எனக்குப் பெரிய கவலை. வங்கக் கடல் அல்ல. நீண்ட நாள் விசாவுக்கு நாளை விசாரிக்கிறேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். நார்த்தங்காய் ஊறுகாயும் பிரசவ லேகியமும் கைப்பையில் வைக்கலாமா?

சிபுவாசி – ஞாயிறு, இரவு 8:20

கைப்பையில் வேண்டாம். சாங்கியின் முனையம் 1, 2, 3 மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு வாயிலிலும் நடக்கும். இடைவழிப் பயணிகளும் மறுபடி அதைக் கடக்க வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருள் எதையும் விடமாட்டார்கள், எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் குழைவான லேகியமும் அதில்தான் சேரும். திருச்சியில் தாண்டிவிட்டாலும் சிபு விமானத்தின் வாயிலில் எடுத்துவிடுவார்கள். இரண்டையும் நெகிழிப் பையில் இறுகக் கட்டி, நடுவே பழைய புடவை சுற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்துவிட்டு வாயிலுக்குள் போங்கள்.

வந்து இறங்கும் நாளையும் நேரத்தையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவையுங்கள். என் வண்டியில் இரண்டு பெரிய பெட்டி தாராளமாகப் பிடிக்கும்.